உங்கள் தமிழ் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியர் வரும்போது: முதன்முறையாக வழிகாட்டுவோருக்கு

“உங்க பாடத்துக்கு ரெண்டு பி.எட். பிள்ளைங்க வந்திருக்காங்க, கொஞ்சம் பாத்துக்குங்கம்மா” என்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் ஒருநாள் சொல்வார். பெரும்பாலான பள்ளிகளில் ஒருவர் வழிகாட்டி ஆசிரியர் ஆவது இவ்வாறுதான். வருகின்றவருக்குப் பாடக்குறிப்பு எழுதவும் துணைக்கருவி செய்யவும் கல்வியியல் கல்லூரி பல மாதங்கள் சொல்லிக் கொடுத்திருக்கும். அவரை ஏற்று வளர்த்துவிட வேண்டிய நமக்கோ எவரும் எதையும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே ஆண்டுதோறும் ஓரிருவருக்கு வழிகாட்டி வந்தவள் என்ற முறையில், இப்பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் பட்டதாரித் தமிழாசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதைக் காட்டிலும், அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதைப் பார்க்கும் கண்ணை அவருக்குப் பழக்குவதே நம் வேலை என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகள் அனைத்தும் அதை நோக்கியவையே.

முதலில், வருபவர் எதைக் கற்றுவிட்டு வருகிறார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். ஈராண்டுப் படிப்பாக மாறியது. அதில் பள்ளியோடு தொடர்புடைய பயிற்சிக்கு 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. முதலாண்டில் 4 வாரங்கள், இரண்டாமாண்டில் 16 வாரங்கள் என்பது அதன் பகிர்வு. இந்தப் 16 வாரங்களின் தொடக்கத்தில், வகுப்பாசிரியர் பாடம் நடத்துவதை உற்றுநோக்குவதற்கென்றே ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றும் அவ்விதிமுறைகள் சொல்கின்றன. இந்த ஒரு வாரத்தைத்தான் நம் பள்ளிகள் எளிதாக விழுங்கிவிடுகின்றன. வந்த மறுநாளே வகுப்பில் நிறுத்திவிடுகிறோம்.

கல்லூரியில் அவர் நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சி பெற்றிருப்பார். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறை, இந்தியாவில் 36 நிமிடச் சுழற்சியாக வழங்குகிறது: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மீண்டும் 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம். எதிரே மாணவர்களாக அமர்ந்திருப்பவர்கள் அவருடைய வகுப்புத் தோழர்கள். கேள்வி கேட்டால் விடை சொல்வார்கள், தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று கையுயர்த்த மாட்டார்கள். அந்த ஆறு நிமிடத்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்துக்கும், பத்துத் தோழர்களிடமிருந்து ஐம்பது குழந்தைகளிடத்துக்கும் அவர் தாவ வேண்டியிருக்கிறது. இந்தத் தாவலை நாம் பல சிறு படிகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

எந்த வகுப்பைக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பொதுத்தேர்வு நெருக்கடி உள்ள பத்தாம் வகுப்பு வேண்டாம். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் பொருத்தமானவை. அப்பிள்ளைகளுக்குப் புதியவர்மீது ஆர்வமும் இருக்கும், பாடமும் ஓரளவு கனமாக இருக்கும். இரண்டு பேர் வந்தால் இருவருக்கும் ஒரே பிரிவைக் கொடுத்துப் பிள்ளைகளைத் திணறடிக்காதீர்கள்.

பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல், ஓர் இயலை முழுமையாகக் கொடுக்க முயலுங்கள். 2018ஆம் ஆண்டு முதல் வந்த நம் தமிழ்ப் பாடநூல்களில் கவிதைப்பேழை (செய்யுள்), உரைநடை உலகம், விரிவானம் (துணைப்பாடம்), கற்கண்டு (இலக்கணம்) என்று ஒவ்வோர் இயலும் ஒரு பொருளைச் சுற்றிப் பின்னப்பட்டிருக்கிறது. செய்யுளில் கண்ட சொல்லை உரைநடையில் மீண்டும் காட்டுவதும், உரைநடையில் வந்த தொடரை இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக்குவதும் இயலை முழுதாகக் கையில் வைத்திருப்பவருக்கே இயலும். செய்யுள் நடத்துவது எளிது, துணைக்கருவி செய்யவும் வசதி என்று நான்கு இயல்களிலிருந்து நான்கு செய்யுள்களைப் பொறுக்கித் தருகின்ற வழக்கம் பயிற்சிப் பதிவேட்டை நிரப்புமே தவிர ஆசிரியரை உருவாக்காது.

பிள்ளைகளிடமும் பேசிவிடுங்கள். “இரண்டு வாரம் கழித்து ஒரு பயிற்சி ஆசிரியர் உங்களுக்குத் தமிழ் நடத்தப்போகிறார், அவர் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை நானும் பார்ப்பேன்” என்று முன்பே சொல்லி வைத்தால், ‘பி.எட். டீச்சர்தானே’ என்ற அசட்டை பாதியளவு குறையும்.

முதல் வாரம்: வேலையோடு கூடிய உற்றுநோக்கல்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனியுங்கள் என்று மட்டும் சொன்னால், பயிற்சி ஆசிரியர் தம் பதிவேட்டில் ‘ஆசிரியர் நன்றாக ஆர்வமூட்டினார், கரும்பலகையைச் சிறப்பாகப் பயன்படுத்தினார்’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. பார்த்ததைப் பெரியவர் முன் எழுதத் துணிவும் இருக்காது. ஆகவே, ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்.

முதல் நாள், வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். நீங்கள் பாடம் நடத்தும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். பாடவேளை முடிந்ததும் அந்தத் தாளை இருவருமாகப் பாருங்கள். என் வகுப்பிலேயே முதல் மூன்று வரிசைகளில் கோடுகள் குவிந்தும் சன்னலோர வரிசை வெறுமையாகவும் கிடந்ததைப் பயிற்சி ஆசிரியர் ஒருவரின் தாளில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். அதை அவரிடம் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். மறுநாள் அந்த வரிசையிலிருந்து தொடங்கினேன். வழிகாட்டியும் திருத்திக்கொள்பவர் என்பதை அவர் நேரில் பார்த்தது, பிறகு நான் அவருடைய பாடத்தைப் பற்றிப் பேசியபோது மிகவும் உதவியது.

இரண்டாம் நாள், நீங்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எத்தனை கேள்விகள் பாடநூலிலிருந்து ஒற்றைச் சொல்லில் விடை தருபவை, எத்தனை கேள்விகளுக்குப் பிள்ளைகள் தாமாக ஒரு தொடரையேனும் அமைக்க வேண்டியிருந்தது என்று பிரிக்கட்டும். மூன்றாம் நாள், பின்வரிசைப் பிள்ளைகள் இருவரை மட்டும் பாடவேளை முழுவதும் பார்க்கட்டும்.

அந்த வாரத்திலேயே ஒரு கட்டுரை ஏட்டுக் கட்டையும் அவர் கையில் கொடுங்கள். திருத்த வேண்டாம், படித்துப் பிழைகளை வகைப்படுத்தினால் போதும். ர, ற மயக்கம் எத்தனை ஏடுகளில் இருக்கிறது, ‘அந்த பையன்’ என்று ஒற்று விடுவது எத்தனை ஏடுகளில், எழுவாய் பன்மையாகவும் வினைமுற்று ஒருமையாகவும் வருவது எத்தனை ஏடுகளில், முழுத் தொடரே அமையாமல் சொற்கள் சிதறிக் கிடப்பது எத்தனை ஏடுகளில் என்று ஒரு பட்டியல் போடட்டும். முதுகலைத் தமிழ் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் பலருக்கு இந்தக் கட்டுதான் பயிற்சிக் காலத்தின் பெரிய அதிர்ச்சி. ஐந்திலக்கணமும் கற்றுத் தேர்ந்தவர், ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘போறாங்க’ என்று கட்டுரையில் எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போவார். தாம் அறிந்த தமிழுக்கும் இப்பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அவர் அளந்து பார்க்கும் முதல் வாய்ப்பு அது. அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் அது தேவைப்படும்.

பாடக்குறிப்பைப் பார்க்கும் விதம்

பாடக்குறிப்பின் வடிவம் கல்லூரிக்குரியது. கற்பித்தல் நோக்கம், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கும். ஆயத்தம் தொடங்கிப் பயன்படுத்தல் வரை ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் பெயரால் வழங்கும் ஐந்து படிகளும் சில கல்லூரிகளில் வரும். அதை மாற்றச் சொல்லி அவரை இரு தலைமைகளுக்கு நடுவே நிறுத்தாதீர்கள். வடிவத்தை விட்டுவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். பாடவேளை முடியும்போது பிள்ளைகளால் எதைப் புதிதாகச் செய்ய முடியும்? அதைச் செய்தார்களா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? நேரம் போதாவிட்டால் எதை விடுவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை வைத்திருப்பவர் மணி அடிக்கும்போது பதறமாட்டார்.

குறிப்பை முதல் நாள் மாலைக்குள் பார்த்துவிடுங்கள். வகுப்புக்குப் போகும் வழியில் தாழ்வாரத்தில் நின்று கையெழுத்திடுவது அவருக்கும் பயனில்லை, அந்தக் கையெழுத்துக்கும் பொருளில்லை.

வகுப்பை ஒப்படைத்தல்

முழுப் பாடவேளையையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க வேண்டாம். முதலில் உங்கள் பாடத்தின் நடுவே செய்யுளை வாசித்துக் காட்டும் பத்து நிமிடம். இரண்டு நாள் கழித்து, உரைநடைப் பத்தி ஒன்றை அறிமுகப்படுத்தி வினாக் கேட்கும் இருபது நிமிடம். அதன்பின் முழுப் பாடவேளை. இடையில் ஒருநாள் இருவருமாகச் சேர்ந்து நடத்துங்கள். அவர் விளக்கட்டும், நீங்கள் மெல்லக் கற்கும் பிள்ளைகளின் அருகில் அமருங்கள். மறுநாள் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

அவர் தனியாக நடத்தும்போது நீங்கள் கடைசி வரிசையில் இருங்கள், குறுக்கிடாதீர்கள். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. வழிகாட்டத் தொடங்கிய முதல் ஆண்டில், ஓர் இளம் பெண் ஆகுபெயருக்குத் தவறான எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதியபோது, நான் எழுந்து “அது அப்படியில்லைம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். ஆனால் அந்த நொடி முதல் ஐம்பது பிள்ளைகளும் ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அவருடைய வகுப்பாக அது மீளவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. பிழையான செய்தி பிள்ளைகளிடம் நிலைத்துவிடக் கூடாது என்றால், பாடவேளை முடிந்தபின் அவரிடம் சொல்லுங்கள். மறுநாள் அவரே “நேற்று நான் எழுதிய எடுத்துக்காட்டில் ஒரு பிழை இருந்தது, திருத்திக்கொள்வோம்” என்று தொடங்கட்டும். ஆசிரியர் தம் பிழையைத் திருத்துவதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பாடமே. யாருக்காவது அடிபடும் அளவுக்குச் சச்சரவு வந்தால் மட்டும் எழுந்திருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது தாளின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் நேரத்தோடு நடந்ததை எழுதுங்கள். வலப்பக்கம் பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள். ‘நன்று’, ‘போதாது’ என்ற தீர்ப்புச் சொற்கள் அந்தத் தாளில் வேண்டாம். ‘11.20: புரிகிறதா என்று கேட்டார், எல்லாரும் ஆம் என்றனர். 11.22: எழுதச் சொன்னார், மூன்றாம் வரிசையில் நால்வர் பக்கத்து ஏட்டைப் பார்த்து எழுதினர்’ என்ற இரண்டு வரிகள் அரை மணி நேர அறிவுரைக்குச் சமம்.

பாடத்துக்குப் பின் பேசுவது

அன்றே பேசுங்கள், ஆசிரியர் அறையில் மற்றவர்கள் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். நூலகமோ மரத்தடியோ போதும். கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். முதலில் அவரைப் பேசவிடுங்கள். அண்மையில் ஒரு செய்யுள் பாடத்துக்குப் பின் எங்கள் பேச்சு இப்படிப் போனது:

“எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?”

“நல்லா கவனிச்சாங்கம்மா. சொற்பொருள் எல்லாம் கேட்டேன், சொல்லிட்டாங்க.”

“யார் யார் சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

சற்று யோசித்தார். “எல்லாரும் சேர்ந்து சொன்னாங்கம்மா.”

தாளை அவர் பக்கம் திருப்பினேன். ‘கேண்மை’ என்றால் நட்பு என்று கரும்பலகையில் எழுதி, உடனே “கேண்மை என்றால் என்ன?” என்று அவர் கேட்டதும், கரும்பலகையைப் பார்த்து வகுப்பே “நட்பு” என்று கத்தியதும் அதில் இருந்தன. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “எழுதினதைப் படிச்சிருக்காங்க, அவ்வளவுதான்” என்றார். அதை நான் சொல்லியிருந்தால் குறை சொன்னதாக ஆகியிருக்கும். மறுநாள் அவர் சொற்பொருளை எழுதாமல், அச்சொல் வரும் இரண்டு எளிய தொடர்களைக் கொடுத்துப் பொருளைப் பிள்ளைகளையே ஊகிக்கச் செய்தார். ஏழெட்டு விதமான ஊகங்கள் வந்தன. சில வேடிக்கையாகவும் இருந்தன. ஆனால் கடைசி வரிசையும் பேசியது.

ஒரு நாளைக்கு ஒரு செய்தி என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். குரல், கரும்பலகை, நேரம், வினா, எழுத்துப் பிழை என்று பத்தையும் ஒரே மூச்சில் கொட்டினால் அவர் குனிந்த தலையோடு எழுதிக்கொள்வார்; ஒன்றும் மாறாது. எதை முதலில் எடுப்பது என்ற ஐயம் வந்தால், பிள்ளைகளின் கற்றலை அதிகம் தடுத்தது எதுவோ அதை எடுங்கள். சேலையும் சட்டையும் நிற்கும் முறையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மொழி ஆசிரியருக்கே உரியவை

கணக்காசிரியரின் ஒலிப்பில் ழகரம் சற்று வழுக்கினாலும் கணக்குக் கெடாது. நம் பாடத்தில் ஆசிரியரின் வாயே பாடநூல். பயிற்சி ஆசிரியருக்கு ல, ள, ழ வேறுபாடு சரியாக வரவில்லை என்றால் தயங்காமல் சொல்ல வேண்டும், ஆனால் தனியாகச் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களில் ழகரம் ளகரமாகவும், வடபகுதிப் பேச்சில் யகரமாகவும் ஒலிப்பதுண்டு. அது அவர் வளர்ந்த ஊரின் இயல்பு, குறைபாடன்று என்று தொடங்குங்கள். பாடப்பத்தி ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து அவரே கேட்கட்டும். நாள்தோறும் ஐந்து நிமிடம் என்று இரண்டு மூன்று வாரங்கள் செய்தவர்களிடம் தெளிவான மாற்றத்தைக் கண்டிருக்கிறேன்.

பிள்ளை வாசிக்கும்போது திருத்துவது வேறு கலை. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படித்த உடனே நிறுத்தி, அடுத்த வரியில் மீண்டும் நிறுத்தினால், மூன்றாவது வரியில் அந்தக் குழந்தையின் குரல் அடங்கிவிடும். பத்தி முடியட்டும், பிறகு அந்தப் பத்தியிலுள்ள ழகரச் சொற்களை மட்டும் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒலிக்கட்டும். பிழை திருந்தும், எவர் பெயரும் வெளியே வராது.

எந்தத் தமிழில் விளக்குவது என்ற சிக்கல் பலருக்கு இருக்கும். சிலர் மேடைத் தமிழில் தொடங்கி மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்குவார்கள். சிலர் முழுக்கப் பேச்சுவழக்கிலேயே நடத்திவிட்டு, பிள்ளைகள் பேச்சுவழக்கில் விடை எழுதுகிறார்களே என்று வருந்துவார்கள். வாசிப்பும், கரும்பலகையில் எழுதுவதும், எழுதப்போகும் விடையை வாய்மொழியாகச் சொல்லிப் பார்ப்பதும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பொருளைப் பற்றிய உரையாடல் பிள்ளைகளின் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை வெளிப்படையாகக் காட்டச் சொல்லுங்கள்: “இதை வீட்டில் எப்படிச் சொல்வோம்? ஏட்டில் எப்படி எழுதுவோம்?” ‘போறாங்க’ என்பது ‘போகிறார்கள்’ ஆவதைப் பிள்ளையே சொல்லட்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், அவர்களுக்கு ஏட்டுத் தமிழோடு பேச்சுத் தமிழும் பள்ளியிலேயே கிடைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவூட்டுங்கள்.

இலக்கணத்தில், விதிவிளக்குமுறையில் நூற்பாவை முதலில் சொல்லிவிடும் ஆசை அவருக்கு வலுவாக இருக்கும், ஏனெனில் அவர் கற்றது அப்படி. எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைக் கண்டறியச் செய்யும் விதிவருமுறைக்கு அவரைத் திருப்ப எளிய வழி, முதல் வாரம் அவரே தொகுத்த பிழைப் பட்டியல்தான். வல்லினம் மிகும் இடங்களைப் பதினைந்தாகப் பட்டியலிட்டு எழுதச் செய்வதற்கு மாறாக, பிள்ளைகளின் ஏடுகளிலிருந்து ‘அந்த பையன்’, ‘இந்த கதை’, ‘புத்தகத்தை படித்தான்’ போன்ற பத்துத் தொடர்களைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்து, பாடநூலில் அவை எப்படி அச்சாகியிருக்கின்றன என்று ஒப்பிடச் சொல்லலாம். அந்த, இந்த, எந்த என்ற சொற்களின் பின்னும், இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வரும் இடத்திலும் ஒற்று மிகுவதை வகுப்பே கண்டுபிடிக்கும். ஒரு வாரத்துக்கு இந்த இரண்டு இடங்கள் போதும்.

ஏடு திருத்துவதிலும் இதே சிக்கனம் வேண்டும். ஒரு பக்கத்தில் முப்பது சிவப்புக் கோடுகள் விழுந்தால் பிள்ளை ஏட்டை மூடிவிடும். இந்த வாரம் ஒற்றுப்பிழை மட்டும், அடுத்த வாரம் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள பொருத்தம் மட்டும் என்று முன்பே சொல்லிவிட்டுத் திருத்தட்டும். கீழே பொருளைப் பற்றி ஒரு வரி எழுதட்டும்.

நடுவில் எழும் சிக்கல்கள்

பள்ளியில் ஆள் குறைவு என்பதால் பயிற்சி ஆசிரியரை விடுப்பில் இருப்பவரின் வகுப்புகளுக்கெல்லாம் அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நீங்கள் தடுத்தே ஆக வேண்டும். வகுப்பின் பொறுப்பு எந்நாளும் பள்ளியின் ஆசிரியருடையது. பயிற்சியில் இருப்பவர் அதற்கு மாற்று ஆள் அல்லர். நாளொன்றுக்கு இரண்டு பாடவேளை நடத்தி, ஒன்றை உற்றுநோக்கி, எஞ்சிய நேரத்தில் குறிப்பு எழுதவும் உங்களோடு பேசவும் அவருக்கு முடிய வேண்டும். தலைமையாசிரியரிடம் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கை எழுத்தில் கொடுத்துவிட்டால் பிறகு சங்கடம் வராது.

கல்லூரிப் பேராசிரியர் பார்வையிட வரும்போது, நீங்கள் சொன்னதற்கு மாறாக அவர் சொல்லக்கூடும். பயிற்சி ஆசிரியரின் முன்னிலையில் வாதிடாமல், பேராசிரியரிடம் உங்கள் உற்றுநோக்கல் தாள்களைக் காட்டித் தனியே பேசுங்கள். பார்வையிடும் நாளுக்கென்று பிள்ளைகளை ஒத்திகை பார்க்கச் செய்வதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கட்டுப்பாடு குலைந்து, அழுதுகொண்டே ஒருவர் வகுப்பிலிருந்து வெளியே வரும் நாளும் உண்டு. அன்று பின்னூட்டம் வேண்டாம். தேநீர் வாங்கிக் கொடுங்கள். அடுத்த பாடவேளையை நீங்கள் எடுங்கள். மறுநாள் அதே வகுப்பில் அவர் உறுதியாகச் செய்யக்கூடிய சிறிய பகுதியை, ஒரு கதை வாசிப்பைப்போல, கொடுத்து மீண்டும் உள்ளே அனுப்புங்கள். வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டால் அந்த அச்சம் அவரோடு வேலைக்கும் போகும்.

கடைசி வாரங்கள்

இறுதி மூன்று வாரங்களில் உங்கள் வருகையைக் குறையுங்கள். எல்லாப் பாடவேளையிலும் பின்வரிசையில் உட்காராமல், அடுத்த அறையிலோ தாழ்வாரத்திலோ அழைத்தால் வரும் தொலைவில் இருங்கள். வளரறி மதிப்பீட்டுக்கான, அதாவது பாடம் நடக்கும்போதே கற்றலை அளப்பதற்கான, செயல்பாடு ஒன்றையும் சிறு தேர்வு ஒன்றையும் அவரே வடிவமைத்து, விடைத்தாளைத் திருத்தட்டும். பத்துத் தாள்களை நீங்களும் தனியே மதிப்பிட்டு, மதிப்பெண் எங்கெங்கே வேறுபடுகிறது என்று இருவரும் ஒப்பிடுங்கள். கட்டுரைக்கு ஏழு மதிப்பெண்ணா ஐந்தா என்ற அந்தப் பேச்சில், எழுத்தழகையும் பக்க அளவையும் தாண்டிக் கருத்தையும் தொடரமைப்பையும் எடைபோட அவர் பழகுவார்.

பிறகு அதே பிரிவின் கட்டுரை ஏட்டுக் கட்டை மீண்டும் அவர் கையில் கொடுங்கள். முதல் வாரம் போட்ட பட்டியலை எடுத்து, அதே தலைப்புகளில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். சில பிழைகள் குறைந்திருக்கும், சில அப்படியே இருக்கும். கல்லூரிக்கான மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது இந்த இரண்டு பட்டியல்களையும் அருகில் வைத்துக்கொண்டு, எண்களோடு ஒரு பத்தி எழுதுங்கள்; எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியபின் கையெழுத்திடுங்கள். இரண்டாவது பட்டியலின் படி ஒன்றை உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் விடைபெற்றுச் சென்ற மறுநாள் அந்த வகுப்பை நீங்கள் தொடங்க வேண்டியது அந்தப் பட்டியலிலிருந்துதான்.